வாக்குத்தத்த அட்டை பிறந்த கதை

டிசம்பர் 31ஆம் தேதி இரவு பத்து மணிக்கு மேல் அம்பத்தூர் ஓ.டி.யில் தொடங்கி திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் வரைக்கும் தெருத்தெருவாக வெள்ளைச் சட்டைகளும் புதுப்புடவைகளும் நடந்து போகும். கையில் ஜிப் வைத்த உறை போட்ட வேதாகமம், தோளில் தூங்கி வழியும் பிள்ளை. எல்லாரும் வாட்ச் நைட் ஆராதனைக்குப் போகிறவர்கள். மணிக்கூண்டு வைத்த பழைய ஆலயமானாலும் சரி, கடைக்கு மேல் மாடியில் தகரக் கூரை போட்ட ஜெபவீடானாலும் சரி, பன்னிரண்டு மணி அடித்துப் புது வருஷ வாழ்த்துச் சொல்லி முடித்ததும் ஜனம் வரிசை கட்டி நிற்கும். முன்னால் ஒரு தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதில் வரும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு உங்களுக்கான வாக்குத்தத்தம்.

அட்டை பஸ் பாஸ் அளவுதான் இருக்கும். ஒரு சூரிய உதயம், அல்லது ரோஜா, அல்லது அருவி. கீழே இரண்டு வரி வசனம். எடுத்தவர்கள் அங்கேயே ட்யூப் லைட் அடியில் நின்று வாசிப்பார்கள். கண் கலங்குகிறவர்கள் உண்டு. பக்கத்தில் இருப்பவரின் அட்டையை எட்டிப் பார்த்து, அவருக்கு வந்தது தனக்கு வந்திருக்கக்கூடாதா என்று ஏங்குகிறவர்களும் உண்டு.

எங்கள் வீட்டில் இந்த அட்டைகளுக்கு நிரந்தர இடம் பீரோ கதவின் உட்பக்கம். அம்மா சோற்றுப் பசை தடவி வருஷ வரிசையில் ஒட்டி வைத்திருக்கிறார். கதவைத் திறந்தால் எங்கள் குடும்பத்தின் முப்பது வருஷம் தெரியும். இந்த அட்டை எங்கிருந்து வந்தது என்று நான் தேடப் போனதற்குக் காரணம், அந்தக் கதவில் இருக்கும் 1999ஆம் வருஷத்து அட்டை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அட்டையின் ஊர் ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. 1722இல், மதத்துக்காகத் துரத்தப்பட்ட மொராவிய அகதிகள் சிலர் நிக்கோலாஸ் சின்சென்டார்ஃப் என்ற பிரபுவின் நிலத்தில் வந்து குடியேறினார்கள். தாங்கள் கட்டிய ஊருக்கு ஹெர்ன்ஹூட் என்று பெயர் வைத்தார்கள். ஆண்டவரின் காவல் என்று பொருள். சின்சென்டார்ஃப் நமக்கு அந்நியர் இல்லை. பள்ளிப் பருவத்தில் ஹாலே நகரத்தில் ஃபிராங்கே என்பவரிடம் படித்தவர் அவர். சீகன்பால்கைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே ஹாலே வட்டாரம். தரங்கம்பாடியிலிருந்து வந்த செய்திகளைச் சாப்பாட்டு மேசையில் கேட்டு வளர்ந்த பையன் அவர். பின்னாளில், 1760இல், ஹெர்ன்ஹூட்காரர்களே தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுத் தங்கினார்கள்.

1728 மே 3ஆம் தேதி மாலைக் கூட்டத்தில் சின்சென்டார்ஃப், மறுநாளைக்கு என்று சபைக்கு ஒரு வாசகம் கொடுத்தார். அது தினசரி வழக்கமாயிற்று. அதற்கு அவர்கள் வைத்த பெயர் லோசுங். ஆவடிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். டாங்கி ஃபேக்டரியும் சி.ஆர்.பி.எஃப். முகாமும் விமானப்படைத் தளமும் இருக்கிற ஊர் அது. ராத்திரிக் காவலில் நிற்கிற சிப்பாய் இருட்டில் வருகிறவனிடம் கேட்கும் அடையாளச் சொல் இருக்கிறதே, அதுதான் லோசுங். இன்றைக்கு நம்மவனைப் பகைவனிடமிருந்து பிரித்தறிய உதவும் சொல். தூங்காமல் இருப்பதற்கான சொல். அப்போது ஊரில் முப்பத்திரண்டு வீடுகள். ஒரு சகோதரர் காலையில் வீடு வீடாகப் போய் அன்றைய வாசகத்தைச் சொல்லிவிட்டு, அந்த வீட்டில் யாருக்கு நோவு, யாருக்கு மனத்தாங்கல், யார் பட்டினி என்று பார்த்துவிட்டு வருவார். மாலையில் அதைச் சபைக்குச் சொல்வார்.

இந்தக் கதையில் என் மனதை மிகவும் பிடித்துக்கொண்ட இடம் இதுதான். அட்டையின் முதல் வடிவத்தில் அட்டையே கிடையாது. வாசல்படி ஏறி வந்து, அடுப்பு எரிகிறதா என்று பார்க்கிற மனுஷன்தான் இருந்தான்.

1731ஆம் வருஷத்துக்கான வாசகங்களை முன்கூட்டியே அச்சடித்துப் புத்தகமாக்கினார்கள். அது இன்று வரைக்கும் ஒரு வருஷம்கூட விடாமல் வருகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வாசிக்கிறார்கள். பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றும் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். நாம் தாம்பாளத்தில் கைவிடுவதன் மூதாதை அந்தக் குலுக்கல். நாம் கூடுகிற வாட்ச் நைட்டும் அந்த ஊர்ச் சரக்குதான். 1733இல் அவர்கள் அப்படி ஓர் இரவு விழித்திருந்தார்கள். ஜான் வெஸ்லி அவர்களிடமிருந்து அதை எடுத்து மெதடிஸ்டுகளுக்குக் கொடுத்தார். மெதடிஸ்டு மிஷன் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தது.

அட்டைக்கு இன்னொரு தகப்பனும் உண்டு. ஹாலேயில் படித்த கார்ல் ஹைன்ரிஷ் ஃபான் போகாட்ஸ்கி 1718இல் ஒரு வசனத் தொகுப்பை வெளியிட்டார். தேவனுடைய பிள்ளைகளுக்கான பொற்பேழை என்று பெயர். ஒவ்வொரு வசனத்தோடும் சின்னதாக ஒரு பாடல் வரி, ஒரு தியானம். வசனத்தைப் பேழையிலிருந்து எடுக்கிற நகை மாதிரி எடுத்துப் பார்க்கும் பழக்கத்தை அந்தப் புத்தகம் வீடுகளுக்குள் கொண்டுபோயிற்று. 1754இல் ஆங்கிலத்துக்கு வந்தது. அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளைகள்தான் நம் அம்மாக்களின் ஷோகேஸில் இருந்த வசனப் பெட்டிகள். ரொட்டி வடிவத்தில் பிளாஸ்டிக்கில் செய்து, உள்ளே வண்ண வண்ணச் சீட்டுகள் அடுக்கியிருப்பார்களே, அவை. சீட்டில் இருக்கிற தமிழ் நம் ஊர்த் தமிழ். ஹாலேயிலிருந்து வந்த ஃபெப்ரீஷியஸ் வேப்பேரியில் உட்கார்ந்து, 1761இல் பாண்டிச்சேரியில் ஆங்கிலேயர் பிடித்துவந்த அச்சுக்கூடத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அவர் தமிழை அடியொற்றி ஹென்றி பவர் குழுவினர் செய்த 1871ஆம் வருஷத்து மொழிபெயர்ப்புதான் இன்றைக்கும் அட்டைகளில் வருகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேப்பேரியைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

மூன்றாவதாக ஒருவர், லண்டனில் பிரசங்கித்த ஸ்பர்ஜன். 1888இல் அவர் எழுதிய தினத் தியானப் புத்தகத்துக்கு விசுவாச வங்கியின் காசோலைப் புத்தகம் என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தார். தேவனுடைய வாக்கு ஒரு செக் மாதிரி. கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்க வேண்டும், பெட்டியில் பூட்டி வைத்தால் பலனில்லை என்பது அவர் சொல்ல வந்தது. இந்த ஒப்புமையைப் பின்னால் வந்த பலர் தங்கள் இஷ்டத்துக்கு இழுத்தார்கள். ஸ்பர்ஜன் அதை எழுதிய நேரம் எப்படிப்பட்டது என்று அவர்கள் சொல்வதில்லை. சபைகளில் உபதேசம் நீர்த்துப் போகிறது என்று எச்சரித்து, யாரும் கேட்காததால் 1887 அக்டோபரில் பாப்டிஸ்ட் யூனியனை விட்டு வெளியேறியவர் அவர். நண்பர்கள் விலகிப் போனார்கள். உடம்பில் கீல்வாதம். நாலு வருஷத்தில், 57 வயதில் இறந்துவிட்டார். உண்மையைச் சொன்னதற்கு விலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், அந்த வலியின் நடுவே தனக்கே ஆறுதலாக எழுதிய புத்தகம் அது.

இனி 1999ஆம் வருஷத்து அட்டைக்கு வருகிறேன்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர். பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கிற தூரத்தில் கம்பெனி. 19 வருஷ சர்வீஸ். 1998 நவம்பரில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். செட்டில்மென்ட் 60 ஆயிரம் ரூபாய். அந்த டிசம்பர் 31, நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று எங்கள் சபையை விட்டுவிட்டு வேறொரு கூடத்துக்குப் போனோம். அப்பா எடுத்த அட்டையில் எரேமியா 29:11. தேவன் தம் ஜனத்தைக் குறித்து வைத்திருக்கும் நினைவு நல்லது, அவர்களுக்கு எதிர்காலம் உண்டு என்று சொல்லும் வசனம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் இதை அறியாதவர் இல்லை.

ஊழியக்காரர் அப்பாவின் நிலைமையைக் கேட்டார். அட்டையை வாங்கிப் பார்த்தார். தலையில் கை வைத்து மைக்கில் சொன்னார்: “ஈஸ்டருக்குள்ள அந்த கேட் திறக்கும்!” கூடமே ஆமென் என்றது. அப்பா அழுததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விதைக் காணிக்கை என்று 10 ஆயிரம் ரூபாய் உறையில் போட்டுக் கொடுத்தார். அதற்கப்புறம் மூன்று மாதம் அப்பா எங்கும் வேலை தேடவில்லை. தேடினால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தார்.

பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் எங்கள் பழைய சபையின் உபதேசியார் சைக்கிளில் வந்தார். செயின் கவரில் வேட்டி மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். அம்மா கொடுத்த காபியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை.

“தம்பி, அந்த கேட் திறந்தா எனக்கும் சந்தோஷம்தான். ஆனா மெஷினை எல்லாம் லாரியில ஏத்திட்டாங்கய்யா. நானே பார்த்தேன்.”

“ஐயா, நீங்க விசுவாசத்துக்கு விரோதமா பேசறீங்க.”

உபதேசியார் மறுத்துப் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பாடியிலும் மண்ணூர்ப்பேட்டையிலும் ஆள் தேடுகிற நாலு லேத் பட்டறைகளின் பெயர். “அட்டையில போட்டிருக்கிற அதிகாரத்தை முதல் வசனத்துல இருந்து வாசிப்பமா?” என்று கேட்டார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உபதேசியார் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார். அன்று ராத்திரி அம்மாதான் வாசித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா பாபிலோனுக்கு எழுதுகிறார். கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் ராஜாவையும் தச்சர்களையும் கொல்லர்களையும் சிறைபிடித்துக்கொண்டு போய்விட்டான். போனவர்கள் மூட்டையை அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், இதோ திரும்பிவிடுவோம் என்று. அந்த நம்பிக்கையை அவர்களுக்குக் கொடுத்தவர்கள் தீர்க்கதரிசிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள். முந்தின அதிகாரத்திலேயே ஒருவன் வருகிறான், கிபியோன் ஊர் அனனியா. எரேமியா அடிமைத்தனத்துக்கு அடையாளமாகக் கழுத்தில் மர நுகம் மாட்டிக்கொண்டு திரிகிறார். அனனியா தேவாலயத்தில் எல்லார் முன்னிலும் அதைப் பிடுங்கி உடைத்துப் போட்டு, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்கிறான். தேதியும் போட்டு, உடைத்தும் காட்டுகிறான். ஜனத்துக்கு வேறென்ன வேண்டும்?

எரேமியா அதற்குச் சொன்ன முதல் வார்த்தை ஆமென். அப்படியே நடந்தால் நல்லது என்கிறார். எனக்கு உபதேசியாரின் குரல் கேட்டது. எரேமியா எதிரி இல்லை. அவரும் அந்த ஜனம் திரும்பி வருவதைத்தான் விரும்புகிறார். சமாதானத்தைச் சொல்கிறவன் மெய்யானவனா என்பது, சொன்னது நடக்கும்போது தெரியும் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறார். பிறகுதான், நீ ஜனத்தைப் பொய்யை நம்பவைத்தாய் என்று அனனியாவின் முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்குக் கட்டளை வருகிறது.

அதற்கு அடுத்த அதிகாரத்தில்தான் இந்தக் கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்று எழுதுகிறார். எட்டாம், ஒன்பதாம் வசனங்களில் உங்கள் நடுவே இருக்கிற அந்தத் தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள், நான் அவர்களை அனுப்பவில்லை என்று தேவன் சொல்வதாக வருகிறது. பத்தாம் வசனத்தில் திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்கிறது கடிதம். அதற்கப்புறம்தான் பதினொன்று. அட்டையில் நாம் வாசிக்கிற வசனம்.

எழுபது வருஷம் என்று கேட்டதும் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப இதைக் கேட்ட பெரியவங்க யாருமே ஊர் திரும்பலியே” என்றார். ஆமாம். அந்தக் கடிதத்தைக் கேட்ட முப்பது வயதுக்காரன் பாபிலோனில்தான் மண்ணுக்குள் போயிருப்பான். கள்ளப் போதகரை நம்பாதே என்று எச்சரிக்கிற ஒரு கடிதத்திலிருந்து ஒரு வரியைக் கத்தரித்து, அதே கள்ளப் போதகன் சொன்னதைச் சொல்வதற்கு என் அப்பாவிடம் கொடுத்திருந்தார்கள். வசனம் பொய் இல்லை. கத்தரித்ததில்தான் பொய் நுழைந்தது.

ஏப்ரல் 4ஆம் தேதி ஈஸ்டர் வந்தது. கேட் திறக்கவில்லை. கூடத்திலிருந்து யாரும் வீட்டுக்கு வரவில்லை. போய்க் கேட்டபோது, உங்கள் விசுவாசத்தில் எங்கோ குறை என்று பதில் வந்தது. பத்தாயிரத்தைக்கூட அப்பா பிற்பாடு மறந்தார். இந்தப் பதிலை அவரால் மறக்க முடியவில்லை. மே மாதம் அந்த நாலாக மடித்த தாளில் மூன்றாவதாக இருந்த பாடிப் பட்டறையில் சேர்ந்தார், பாதிச் சம்பளத்துக்கு. பணி ஓய்வு வரைக்கும் அங்கேதான்.

குற்றம் மைக் பிடித்தவர் மேல் மட்டுமா என்றால், இல்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் ஒரு காலத்தைப் பற்றி எச்சரிக்கும் இடத்தில், நம் தமிழ் வேதாகமத்தில் செவித்தினவு என்று ஓர் அபாரமான சொல் வருகிறது. தோள் தினவெடுத்தவன் சண்டையைத் தேடிப் போவான். செவி தினவெடுத்தவன் அதைச் சொறிந்துவிடுகிற நாக்கைத் தேடிப் போவான். அங்கே போதகர்களைத் திரட்டிக்கொள்கிறவர்கள் கேட்கிறவர்கள்தான் என்று பவுல் தெளிவாகச் சொல்கிறார். அந்த இரவு நாங்களும் தேடித்தான் போனோம். மெஷின் லாரியில் ஏறியதை அப்பாவும் பார்த்திருந்தார் என்று வெகுகாலம் கழித்து எனக்குத் தெரிந்தது.

இப்போது வருஷ அட்டை போதாதென்று மாத வாக்குத்தத்தம், வார வாக்குத்தத்தம், காலையில் செல்பேசியில் தின வாக்குத்தத்தம். ஃப்ளெக்ஸ் பேனரில் ஊழியக்காரர் படம் பெரிதாகவும் வசனம் சிறிதாகவும் இருக்கிறது. இரட்டிப்பு, உயர்வு, விரிவு என்கிற சொற்களைச் சுற்றியே வசனங்கள். உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்பதும் இயேசு தம் சீஷருக்குச் சொன்ன வாக்குதான். அதைத் தனியாக அச்சடித்த அட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை. ஜனத்தின் காயத்துக்கு மேற்பூச்சுப் பூசுகிறார்கள் என்று அதே எரேமியா ஆறாம் அதிகாரத்தில் அழுகிறார். எலும்பு முறிந்தவனுக்குத் தைலம் தடவி அனுப்புவது வைத்தியம் ஆகாது.

அட்டையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பீரோ கதவைத் திறந்து அம்மா நின்ற நேரங்களை நான் பார்த்திருக்கிறேன். வாக்தத்தை என்றால் சம்ஸ்கிருதத்தில் வாக்குக் கொடுத்து நிச்சயிக்கப்பட்ட பெண். வாக்குத்தத்தம் என்ற சொல்லுக்குள் அந்த நிச்சயதார்த்த வாசனை இருக்கிறது. கொடுத்தவர் நிற்பார்; பெற்றவரும் காத்திருந்து நிற்க வேண்டும்.

வெஸ்லி 1755இல் தொடங்கிய இன்னொரு ஆராதனையும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உடன்படிக்கை ஆராதனை. தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. புது வருஷத்தின் முதல் ஞாயிறு நடக்கும். என்னை வேலையில் வைத்தாலும், ஒதுக்கி வைத்தாலும், நிறைத்தாலும், வெறுமையாக்கினாலும் சம்மதம் என்று சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் ஜெபம் அதில் உண்டு. வாட்ச் நைட்டுக்கு நிற்க இடமில்லாத ஆலயத்தில் அந்த ஞாயிறு பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். வேலை போன என் அப்பாவுக்கு அந்த வருஷம் வேண்டியிருந்தது அந்த ஜெபம்தான்.

வருகிற டிசம்பர் 31 இரவும் நீங்கள் அட்டை எடுப்பீர்கள். எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் படுக்கப் போகுமுன் அந்த வசனத்தின் அதிகாரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசியுங்கள். எரேமியா 29 வந்தால் 32 வசனங்கள். கால் மணி நேரம் ஆகாது. அந்த வாரத்துக்குள், கம்பெனி மூடிய வீடு ஒன்று உங்கள் தெருவில் இருந்தால், ஒருமுறை போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள்.